கால்சினியூரினும் அன்றாட மருந்தும்

சிறுநீரகம் மாற்றப்பெற்ற ஒருவரைக் காணுங்கால் நம்மவர் வினவுவன பெரும்பாலும் இரண்டே: அறுவை எவ்விடத்து நிகழ்ந்தது? உறுப்பை ஈந்தவர் யாவர்? ஈந்தவர்தம் அன்பும் மருத்துவர்தம் கைத்திறனும் போற்றத்தக்கனவே. ஆயின் மூன்றாவது வினா ஒன்றுண்டு; 'மருந்தை நாடோறும் தவறாது உண்கின்றீரா?' என்பது அது. அதனைக் கேட்பார் அரியர். மாற்றுறுப்பின் வாழ்நாள் பெரிதும் அவ்வினாவின் விடையையே பொறுத்ததென்பது எம் துணிபு. அஃது ஏன் என அறிதற்கு உயிரணுவினுள் நிகழும் ஒரு செயலை நோக்குதல் வேண்டும்.

குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் டி-அணுக்கள் எனப்படுவன உடலின் காவலர். அயலான பொருளொன்றை அவை இனங்கண்டதும் அவற்றினுள் கால்சியத்தின் அளவு உயர்கின்றது. கால்மாடுலின் என்னும் புரதம் அக்கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, கால்சினியூரின் என்னும் நொதியைத் தொழிற்படச் செய்கின்றது. அந்நொதியின் தொழில், பிற புரதங்களில் ஒட்டியுள்ள பாஸ்பேட்டைக் களைதலாம். என்.எப்.ஏ.டி. எனச் சுருக்கி வழங்கப்பெறும் புரதம், பாஸ்பேட்டைத் தாங்கியிருக்குங்காறும் உட்கருவிற்குப் புறத்தே நிற்கும். அது களையப்பட்டதும் உட்புகுந்து, இன்டர்லியூக்கின்-2 முதலியவற்றை ஆக்கும் மரபணுக்களை எழுப்பிவிடும். அதன்பின் டி-அணுக்கள் பல்கிப் பெருகும், படை திரளும். ஈந்தவர் பெற்ற தாயே ஆயினும், அப்படைக்கு அவர்தம் சிறுநீரகம் அயலதே.

அப்படையை அடக்கும் மருந்து மண்ணினின்று கிடைத்தது. நார்வே நாட்டு ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்து மண்ணில் வாழ்ந்த பூஞ்சையினின்று பாசல் நகரத்துச் சாண்டோஸ் நிறுவனத்தார் சைக்ளோஸ்போரினைப் பெற்றனர். அது நோயெதிர்ப்பை அடக்குமென்பது 1972-இல் ஆங்குப் புலனாயிற்று. கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் என்பார் 1978-இல் அதனை நோயாளர்க்கு அளித்தார். 1983-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவு தந்தது. (நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்று வெற்றியுற நிகழ்ந்த காலத்து இம்மருந்து உலகில் எங்குமே வழக்கில் இல்லை என்பது நினைவுகூரத் தக்கது.) 1984-இல் ஜப்பானியர் சுகுபா மலைப்புறத்து மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றினின்று டாக்ரோலிமஸைக் கண்டெடுத்தனர். இவ்விரு மருந்தும் அமைப்பில் ஒன்றையொன்று ஒவ்வாதன. அணுவினுட் சேர்ந்துகொள்ளும் புரதங்களும் வெவ்வேறு. அங்ஙனமிருந்தும் பயன் ஒன்றாயிருந்தது வியப்பன்றோ? 1991-இல் ஸ்டுவர்ட் ஷ்ரைபரும் அவருடன் உழைத்தோரும் அதற்கு விடை கண்டனர். இருவகைக் கூட்டும் சென்று பற்றித் தடுப்பது கால்சினியூரின் ஒன்றையே.

ஈண்டு நம்மவர் மனத்திற்கொள்ள வேண்டுவதொன்றுளது. இம்மருந்துகள் டி-அணுக்களை அடியோடு அழிப்பதில்லை. புதிய சிறுநீரகத்தைத் தம்மதெனக் கருதுமாறு அவற்றைப் பயிற்றுவதும் இல்லை. கதவைத் தாழிட்டு வைக்கின்றன, அவ்வளவே. குருதியில் மருந்து போதிய அளவு நிற்கும் வரையே தாழ் நிற்கும். குறையுமாயின் கால்சினியூரின் மீண்டும் தொழிற்படத் தொடங்கும். 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இனி மருந்து எதற்கு?' என்பாரும், 'ஆங்கில மருந்து சூடு. சில நாள் நிறுத்திப் பார்' என அறிவுரை கூறும் உறவினரும் இதனை உணர்ந்திலர். நலமாயிருத்தல் மருந்து வேண்டாமைக்குச் சான்றன்று. மருந்து வேலை செய்கின்றதென்பதற்கே சான்று. உறுப்பை உடல் மறுக்கத் தொடங்குங்கால் நோவும் வீக்கமும் முன்னர்த் தோன்றுமென எதிர்பார்த்தலும் பிழை. குருதிச் சோதனையிற் கிரியாட்டினின் ஏறியிருத்தலே பலர்க்கு முதற்குறி.

மருந்தினால் இடரில்லை என்று யாம் கூற வந்திலோம். 1979-இல் கிளாட் கிளீ என்னும் அம்மையாரும் உடனுழைத்தாரும் கால்சினியூரின் எனப் பெயரிட்டது மூளைத் திசுவிற் கண்ட புரதத்திற்கே. நரம்பைக் குறிக்கும் சொல் அப்பெயரிலேயே அமைந்துள்ளது. அந்நொதி உடலிற் பல உறுப்புக்களிலும் உண்டு. ஆதலின் அதனைத் தடுப்பார்க்குக் கைந்நடுக்கமும், குருதியழுத்தமும், நீரிழிவும் நேரலாம். சிறுநீரகத்தின் நுண்ணிய குருதிக்குழல்களும் சுருங்கலாம். காக்க வந்த மருந்தே காக்கப்படுவதற்கு ஊறு செய்தல் இதன் கொடிய முரண். நம் நாட்டிற் காசநோய் இத்தகையாரை எளிதிற் பற்றும். அதற்கென அளிக்கும் ரிபாம்பிசினோ, ஈரலில் இம்மருந்துகள் விரைந்து சிதையுமாறு செய்து குருதியில் அவற்றின் அளவைத் தாழ்த்திவிடும். பூஞ்சை நோய்க்குரிய மருந்துகள் சில அவ்வளவை உயர்த்திவிடும். ஆகவே மருத்துவரைக் கேளாது எதனையும் கடையில் வாங்கியுண்ணல் ஆகாது. குருதியில் மருந்தின் அளவைக் காலந்தோறும் சோதித்தலும் இன்றியமையாதது.

இந்நிலையில், அறுவைக்கென ஊர்கூடிப் பொருள் திரட்டி, நோயாளர் வீடு திரும்பியதும் கணக்கை முடித்துவிடும் நம் வழக்கம் திருந்த வேண்டும் என்போம். திரட்டும்போதே பின்வரும் ஆண்டுகளின் மருந்திற்கும் சோதனைக்கும் ஒரு பகுதியை ஒதுக்குதல் வேண்டும்; அறுவைக்கு நூறு பேர் ஈவதினும் மாதந்தோறும் மருந்திற்குப் பத்துப் பேர் ஈதல் அரிது என்பதை யாம் அறிவோம். அலுவலகத் தலைவராய் விளங்கும் நம் பழைய மாணவர்கள், சோதனைக்குச் செல்லும் நாளில் தம்கீழ்ப் பணிபுரிவார்க்கு முகங்கோணாது விடுப்பளிக்கலாம். மருந்துக்கடை நடத்துவோர் இம்மருந்து தீர்ந்துபோகாதவாறு முன்னரே வரவழைத்து வைக்கலாம். இனி ஒன்று: டாக்ரோலிமஸைப் பலர் பன்னிரண்டு மணிக்கொருமுறை உண்பர், உணவிற்கும் அதற்கும் இடைவெளியும் வேண்டும். திருமண வீட்டில் அத்தகையார் ஒருவர் கடிகாரத்தை நோக்கி, 'அடுத்த பந்தியில் அமர்கின்றேன்' என்பாராயின், கையைப் பற்றி இழுத்து இலைமுன் இருத்தாதிருத்தல் நன்று.