குசினிக்குப் பிளான் போடுமுன் பெண்களைக் கேளுங்கள்

தோட்டத்தில் புது வீடு கட்டப் போகிறார்கள் என்றால் நமக்கு மகிழ்ச்சிதான். எத்தனை அறை, தண்ணீர் எப்படி, மின்சாரம் எப்படி என்றெல்லாம் கேட்கின்றோம். குசினி எப்படி அமையும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. ஆண்கள் கூடும் கமிட்டியில் அந்தப் பேச்சே எழுவதில்லை. வீட்டில் மிஞ்சிய மூலையைக் குசினி என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். நாமும் தலையாட்டி விடுகின்றோம்.

அந்தக் காலத்து லயங்களில் அஞ்சடியிலேயே கல் கூட்டி அடுப்பு மூட்டிய தாய்மார்கள் உண்டு. பின்புறம் பத்தி இறக்கிய பிறகும் புகைதான் மிச்சம். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதி வேண்டுமென 1966-ல் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-ல் மற்றொன்று வந்தது. நல்லதுதான். ஆனால் அடுப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை அடுப்படியில் நிற்பவள்தானே சொல்ல முடியும்?

பால் வெட்டப் போகும் பெண்ணின் காலையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். அதற்குள் சோறு, குழம்பு, பிள்ளைகளின் பசியாறல் எல்லாம் முடிய வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் இந்த ஓட்டம் குறையவில்லை.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1926-ல் மார்கரெட் ஷூட்டே லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், புதுக் குடியிருப்புகளுக்காக, நடையையும் நேரத்தையும் கணக்கிட்டு ஒரு குசினி வரைந்தார். அகலம் சுமார் 6 அடி, நீளம் 11 அடி. கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தன. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை என்ற குறை எழுந்தது. (அவர் அதுவரை சமைத்ததே இல்லையாம், அவரே பின்னாளில் சொன்னார்.) மாமியாரும் மருமகளும் சேர்ந்து வேலை பார்க்கும் நம் வீட்டுக்கு அந்த அளவு எப்படிப் போதும்?

நாம் பார்த்த ஒரு தோட்டத்துப் புது வீட்டில், பின்கதவைத் திறந்தால் அடுப்பில் இடிக்கிறது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் பக்கம் பிள்ளை ஓடி வருகிறது. பிளானில் அது அழகாகத்தான் இருந்திருக்கும்!

அடுப்பு கதவோரம் கூடாது. கழுவும் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே இரண்டடி மேடையாவது வேண்டும். வடித்த சோற்றை எங்கே இறக்குவது? மேடையின் உயரம், நிற்பவளின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்கட்டும். தாழ்ந்தால் இடுப்பு ஒடியும், உயர்ந்தால் தோள் நோகும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே கேஸ் தோம்பைப் பின்சுவருக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். தாளிக்கும் புகை போக ஜன்னல் வேண்டும். அம்மிக்கு ஒரு மூலை வேண்டும். மிக்சி வந்துவிட்டதே என்பவர்கள் ஐந்து நாள் அம்மிக் குழம்பை விட்டுப் பார்க்கட்டும்!

நிர்வாகத்திடம் சங்கக் கிளைகள் ஒன்றைக் கேட்க வேண்டும். பிளான் முடிவாகுமுன் தோட்டத்துத் திடலில் குசினியை உள்ள அளவிலேயே சுண்ணாம்புக் கோட்டால் போட்டுக் காட்டட்டும். ஞாயிறு காலையில் நம் பெண்கள் தேக்சாவும் குடமுமாக அதற்குள் நடந்து பார்க்கட்டும். எங்கே இடிக்கிறது என்று அவர்கள் சொல்வதைக் கிளைச் செயலாளர் எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு ஆபீசுக்குப் போகட்டும்.