அந்தத் துணியைக் கழற்றச் சொல்கிறவர்களுக்கு

நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு கொமெண்ட் போடாதீர்கள். எனக்குத் திருத்துவதற்கு நாற்பது கொப்பி கிடக்கிறது, அதை வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நூலக மண்டபத்தில் தொங்குகிற தையல் துணியைக் கழற்றச் சொல்லி ஒரு கடிதம் போயிருக்கிறது. அதன் படம் நேற்று என் வட்ஸ்அப்புக்கும் வந்தது. பதினொரு கையொப்பம். அதில் நான்கு பேர் என்னிடம் தமிழ் படித்த பிள்ளைகள், அதனால் கடிதத்தில் இருந்த எழுத்துப் பிழைகளுக்கு நானும் கொஞ்சம் பொறுப்பு. கையொப்பம் வைத்தவர்களில் எத்தனை பேர் மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தார்கள் என்று விசாரித்தேன். இரண்டு பேராம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நம்ம ஊர்ப் பெண்கள் இருபத்தி நான்கு பேர், ஆளுக்கு ஒரு சதுரமாகத் தைத்து ஒன்றாக இணைத்த துணி அது. கொரோனா காலத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். யாரும் ஓவியப் பாடம் படித்தவர்கள் இல்லை. பாய் இழைத்த கைகள், சாரன் மூட்டிய கைகள். உருவம் கீறினால் ஹராம் என்பீர்கள் என்று தெரிந்து, ஒரு சதுரத்தில்கூட முகம் வைக்கவில்லை. வெறும் கைகளும் சாமான்களும்தான். மிட்வைப் மிஸ்ஸின் ஸ்கூட்டியும் தடுப்பூசிப் பெட்டியும் ஒன்றில் இருக்கின்றன. இன்னொன்றில் ஒரு கை தங்கச் சங்கிலியைக் கொடுக்கிறது, மற்றக் கை போனை வாங்குகிறது. மகனுக்கு சூம் வகுப்புக்காக அடகு வைத்த சங்கிலி. அது இன்னும் மீளவில்லை என்று தைத்தவரே சொன்னார். 2020 மார்ச் 13ஆம் திகதி பள்ளிக்கூடங்களைப் பூட்டிய பிறகு எத்தனை வீட்டில் இது நடந்தது என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் பிள்ளைகள் திடீரென்று ஒன்லைன் வந்தால், அந்த வீட்டு உம்மாவின் கழுத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

பக்கத்து ஊர்த் தமிழ்ப் பெண் ஒருவரும் ஒரு சதுரம் தைத்திருக்கிறார். கார்மென்ட்ஸில் வேலை செய்தவர். 2020 அக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி வந்தபோது இரவோடு இரவாக பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்களாம். ஒரு பஸ் ஜன்னல், அதில் ஒரு கை. அவ்வளவுதான். அவர் ஊருக்குத் திரும்பி வந்ததும் அந்த வீட்டைக் கடந்து போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணி வந்து நம்மையெல்லாம் அடைத்துப் போட்டபோது, மற்ற ஊர்க்காரர்கள் நம்மைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். அது வேறு கதை.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். முதல் குற்றச்சாட்டு, ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் தைத்தவரின் பெயர் நூலால் எழுதப்பட்டிருக்கிறது. குடும்பப் பெண்களின் பெயரைப் பொது மண்டபத்தில் தொங்கவிடலாமா? இரண்டாவது, நல்ல அமலை விளம்பரம் செய்வது ரியா.

இரண்டாவதுக்கு முதலில் பதில். ஊரில் வெளியிட்ட கொரோனா நினைவு மலர் என் மேசையில் இருக்கிறது. எண்பத்தி நான்கு பக்கம். உலர் உணவுப் பொதி கொடுக்கும் போட்டோ, கொடுத்த பொதியைத் திரும்பவும் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த போட்டோ, பொதி வாங்கிய ஏழையின் முகம் முழுசாகத் தெரிகிற போட்டோ. நூற்றுப் பன்னிரண்டு ஆண்களின் பெயர்கள். 61ஆம் பக்கத்தில் கடைசி வரி: ஒத்துழைப்பு வழங்கிய தாய்மார் சகோதரிகளுக்கும் நன்றி. அந்தப் பொதிகளைக் கட்டியது யார்? பள்ளிவாசல் சமையல் கொட்டிலில் மூன்று கிழமை அரிசி நிறுத்துக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. என் விரலில் பொலித்தீன் வெட்டிய காயம் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் பெயர் போட்டபோது வராத ரியா, இருபத்தி நான்கு பெண்கள் நூலால் பெயர் எழுதியபோது எங்கிருந்து வந்தது?

மலரில் பெயர் வந்த ஆண்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 2021 மார்ச் 5ஆம் திகதி தொடக்கம் ஒரு வருஷமாக ஓட்டமாவடி மஜ்மா நகரில் குழி வெட்டி, நாடு முழுவதிலிருந்தும் வந்த 3,600க்கும் மேற்பட்ட உடல்களை அடக்கிய காரியத்தில் பங்கெடுத்த எவரையும் அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். அதில் மற்ற மதத்தவர்களும் இருந்தார்கள், அவர்களையும் மண்ணுக்குக் கொடுத்தார்கள். அதை எழுதத்தான் வேண்டும். எழுதும்போது மற்றப் பாதியையும் எழுதுங்கள் என்கிறேன்.

பெயர் விஷயம். நம்ம மௌலவிமாரிடம் ஒரு கேள்வி. மையித்தை எப்படிக் குளிப்பாட்டுவது என்று பாடம் நடத்தும்போது எந்த ஹதீஸை எடுக்கிறீர்கள்? நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் மகள் வபாத்தானபோது, மூன்று தடவை, ஐந்து தடவை, தேவைப்பட்டால் அதற்கு மேலும் ஒற்றைப்படையாகக் குளிப்பாட்டச் சொன்னதும், இலந்தை இலை போட்ட தண்ணீரும், கடைசியில் கற்பூரமும், தன் இடுப்புத் துணியையே கழற்றிக் கொடுத்ததும் எங்கிருந்து நமக்குத் தெரியும்? புஹாரியில் இருக்கிறது. அறிவித்தவர் உம்மு அதிய்யா. குளிப்பாட்டிய பெண். ஆயிரத்து நானூறு வருஷமாக அந்தப் பெயரை ஆண்கள் மிம்பரில் நின்று சொல்கிறார்கள். அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆதைக் கொண்டுபோய் வைத்தது யாருடைய கூடாரத்தில்? ருபைதா என்ற பெண்ணின் கூடாரத்தில். அந்தப் பெயரையும் மறைக்கவில்லை. நம்ம ஊரில் மட்டும் பெண்ணின் பெயர் எப்போது மானப் பிரச்சினையாயிற்று?

இனிக் கபன் சதுரம். கடிதத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது அதைத்தான்.

இருபத்தி மூன்று சதுரத்தில் வேலைப்பாடு இருக்கிறது. ஒன்றில் எதுவும் இல்லை. வெறும் வெள்ளைத் துணி, ஓரம் மட்டும் மூட்டியிருக்கிறது. அதைத் தந்தவர் நம்ம ஊரில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவர். நான் மாமி என்று கூப்பிடுகிறவர். என் உம்மாவைக் குளிப்பாட்டியதும் அவர்தான். கையொப்பம் வைத்தவர்களில் அநேகமானோரின் உம்மாவையும் உம்மும்மாவையும் அவர்தான் குளிப்பாட்டியிருப்பார், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்த பிறகு கொரோனாவில் போனவர்களை எரிக்க வேண்டும் என்றாயிற்று. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. நாம் ஆண்களும் பெண்களுமாக அழுதோம். ஆனால் மாமிக்கு நடந்தது இன்னொன்று. அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் போன பெண்களைக் குளிப்பாட்ட முடியாது, தொட முடியாது, கபனிட முடியாது. 2021 ஜனவரியில் அவருடைய சொந்த ராத்தா போனார். மாமி அலுமாரியில் துணியையும் கற்பூரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தார். யாரோ பெரியவர்கள் பேசிப் பார்க்கிறார்கள், உடலைத் தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். தரவில்லை. பிறகு மஜ்மா நகருக்கு அனுமதி கிடைத்தபோதும் ஜனாஸாக்கள் பையில் மூடித்தான் வந்தன, குளிப்பாட்ட இடமில்லை.

அந்தத் துணியிலிருந்து வெட்டியதுதான் அந்தச் சதுரம். எதைத் தைப்பது என்று கேட்டதற்கு, தைக்க என்ன இருக்கு மகள், நான் ஒண்டும் செய்யல்லையே என்றாராம். அதனால் அப்படியே வைத்தார்கள்.

அதை மையித்துக்கு அவமதிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. 2020 டிசம்பரில் இருபது நாள் குழந்தையை எரித்த பிறகு, பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். எல்லா இனத்தவர்களும் கட்டினார்கள். கொழும்புக்குப் போக முடியாத நாம் வீட்டுப் படலையில் கட்டினோம். கையொப்பம் வைத்தவர்களில் ஆறு பேரின் புரொபைல் படம் அந்த நாட்களில் வெள்ளைத் துணிதான், இன்னும் கீழே போய்ப் பார்த்தால் இருக்கிறது. நீங்கள் வேலியில் கட்டினால் அது போராட்டம். குளிப்பாட்டுகிறவர், தன் ராத்தாவுக்கென்று எடுத்து வைத்த துணியில் ஒரு சாண் கொடுத்தால் அது அவமதிப்பா? அந்தத் துணி எந்த உடலையும் தொடவில்லை. தொட விடவில்லை என்பதுதான் பிரச்சினையே.

அமைச்சரவையே 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்டுவிட்டது, முடிந்த கதையை ஏன் கிளற வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. எரித்தது பிழை என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட பிறகும், அதைச் சொல்ல நமக்குப் பயமா? மன்னிப்பு கேட்டவர்கள் மறக்கச் சொல்லவில்லை. நம்மவர்கள்தான் சொல்கிறார்கள்.

கடிதம் எழுதாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திறப்பு விழாவன்று மண்டபத்துக்கு வந்து, பெண்கள் பொறுமையின் சிகரம், தியாகத்தின் மறுபெயர் என்றெல்லாம் பேசினீர்கள். முன்வரிசைக் கதிரைகள் முழுக்க நீங்கள் இருந்தீர்கள். துணி தைத்த பெண்கள் பின்னால் பெட்டிஸும் பிளேன்டீயும் பரிமாறிக்கொண்டு நின்றார்கள். ஐந்து பேச்சாளர்கள், ஐந்து பேரும் ஆண்கள், ஐந்தாவது பேச்சாளர் பெண்ணுரிமை பற்றி இருபது நிமிஷம் பேசினார், தேநீர் ஆறிவிட்டது. சிகரம் என்று சொன்னால் சங்கிலி மீளுமா? பள்ளிவாசல் ஜனாஸாக் குழுப் பட்டியலில் ஒன்பது பெயர் ஒட்டியிருக்கிறது, மாமியின் பெயர் இல்லை. போன் நம்பர் மட்டும் கீழே இருக்கிறது, பெண் ஜனாஸாவுக்கு இந்த இலக்கத்தை அழைக்கவும் என்று. நம்பர் இருக்கலாம், பெயர் இருக்கக் கூடாதாம்.

இந்தப் பதிவில் நானும் யாருடைய பெயரையும் எழுதவில்லை என்று ஒருவர் கண்டுபிடிக்கப் போகிறார். கொமெண்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை. அவர்களாகவே விரும்பி நூலால் எழுதிய இடத்தில் பெயர்கள் இருக்கின்றன. அங்கே போய் வாசியுங்கள்.

நிருவாகத்திடம் நான் கேட்பது இரண்டு. மலரின் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் கேட்டிருக்கிறீர்கள்; 61ஆம் பக்கத்துக் கடைசி வரிக்குப் பதிலாகப் போட, பொதி கட்டியவர்கள், மாஸ்க் தைத்தவர்கள், தடுப்பூசிக்கு வீடு வீடாகப் போய்ப் பெயர் பதிந்தவர்கள் என்று அறுபத்தி ஏழு பெண்களின் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டேன். நான்கு பேர் வேண்டாம் என்றார்கள், வெட்டிவிட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கொண்டுவந்து தருகிறேன். ஜனாஸாக் குழுப் பட்டியலில் மாமியின் பெயரையும் சேருங்கள், நம்பருக்கு மேலே.

துணியைக் கழற்றுவதா என்று வியாழக்கிழமை கூட்டத்தில் பேசப்போகிறார்களாம். அதற்கு முன் ஏசுகிறவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏசுங்கள். மண்டபம் மாலை ஐந்து மணிவரை திறந்திருக்கும். வெள்ளை சதுரம் கீழ் வரிசையில் வலப்பக்கம் கடைசி. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், ஓரத்து நூல் கொஞ்சம் இளகியிருக்கிறது.