கல்வெட்டிலே குடவோலை! கண்ணெதிரே ஏதிலியர்!

உத்திரமேரூர் என்றதும் ஊருக்கும் உலகுக்கும் எடுத்துச் சொல்ல நமக்கோர் பெருமை இருக்கிறது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட எழுத்துக்கள், முப்பது குடும்புகள், ஓலைகள் இட்ட குடம், அதிலே கைவிட்டு ஓலையெடுக்கும் சிறுவன்! இதைப் பேசாத மேடையில்லை, எழுதாத ஏடில்லை. 2020 டிசம்பர் 10 அன்று டில்லியிலே புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் நம் உத்திரமேரூரைச் சுட்டிக் காட்டினார். மக்களாட்சி இந்நாட்டுக்குப் புதிதன்று என்று பெருமிதம் கொண்டார். கேட்டோர் கைதட்டினர். நாமும் பூரித்தோம்.

நாம் பள்ளியிலே பாடம் சொல்பவர்கள். ஆண்டுதோறும் இந்தக் குடவோலையைக் கரும்பலகையிலே வரைந்து காட்டுபவர்கள். ஆகவே கேட்கும் உரிமை நமக்குண்டு. கல்வெட்டின் மற்றப் பகுதியை ஏன் எவரும் உரக்கப் படிப்பதில்லை?

ஓலையிலே பெயர் ஏற வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். மந்திர பிராமணம் ஓதி அறிந்திருக்க வேண்டும். உழுதவன்? நெய்தவன்? ஏரிக்கரைக்கு மண் சுமந்தவள்? அந்தக் குடத்திலே அவர்களுக்கு இடமில்லை. அவளுக்கும் ஒரு குடம் இருந்தது, தலையிலே, தண்ணீர்க் குடம்!

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய கதையை இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்பார் உண்டு. சொல்கிறோம். 1990ஆம் ஆண்டு, இலங்கையிலே மீண்டும் போர் மூண்டபோது, படகேறி வந்த தாயொருத்திக்குத் தமிழ்நாட்டு முகாமிலே பிறந்த குழந்தைக்கு இன்று முப்பத்தைந்து வயது நிறைந்துவிட்டது. பராந்தகன் காலத்துச் சபை கேட்ட வயது! நிலமுண்டா? இல்லை. சொந்த மனையுண்டா? இல்லை. குடவோலையின் பேரப்பிள்ளையான வாக்குச்சீட்டு உண்டா? அதுவும் இல்லை. இந்த மண்ணிலே பிறந்து, இந்தத் தண்ணீரைக் குடித்து, நம் பள்ளியிலே நம் பாடத்தைப் படித்து, நம் சுவர்களுக்கு வண்ணம் பூசி வயிறு வளர்க்கும் அந்தத் தமிழன், சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டான். அதிலும் சட்டவிரோதமாகக் குடியேறியவன்! தாயின் வயிற்றிலிருந்து வந்தவன் எந்த எல்லையைத் தாண்டிக் குடியேறினான், தோழர்களே?

ஏதிலியர் ஏன் வந்தனர்? தலைவிதி என்பார்கள் கோயில் திண்ணையிலே. முன்வினை என்பார் சிலர். வினைதான், ஆனால் முன்பிறவியில் செய்த வினையன்று. கோட்டும் சட்டையும் அணிந்தோர் சட்டமன்றத்திலே உட்கார்ந்து செய்த வினை! 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம். எழுபதுகளிலே பல்கலைக்கழக வாயிலில் தமிழ் மாணவரைத் தடுத்து நிறுத்திய தரப்படுத்தல். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ் நூலகத்தைத் தின்ற தீ. 1983 ஜூலையிலே கொழும்புத் தெருக்களில் எரிந்த உடல்கள். இந்த வரிசையிலே எந்த இடத்தில் ஐயா விதி புகுந்தது? மனிதர் செய்த கேடு, மனிதர் தடுத்திருக்கலாம்.

வந்தார்கள். 1983 முதல் 2012 வரை அலையலையாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பலர் திரும்பினர். 2021இல் தமிழ்நாடு அரசு தந்த கணக்கின்படி முகாம்களில் 58,822 பேர். வெளியே காவல்நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்வோர் 34,087 பேர்.

வந்தவர்கள் கையேந்தி உட்கார்ந்துவிடவில்லை. இதைத்தான் நம் இளைஞர்கள் அறிய வேண்டும். 1984இல், தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலியருக்காக ஏதிலியரே நடத்தும் அமைப்பு. நூலகத்தை எரித்தவர்களிடமிருந்து தப்பி வந்தவர்கள் ஓலைக் கொட்டகையிலே பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார்கள். கடலிலே மூட்டை முடிச்சு போயிற்று, நகை போயிற்று. படிப்பு மட்டும் போகவில்லை! முகாமிலே பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று வாங்கித் தருவதையும் ஒரு வேலையாகச் செய்தனர். பெண்கள் தன்னுதவிக் குழுக்களாகச் சேர்ந்தனர். சத்துக் குறைந்து வாடிய குழந்தைகளுக்காகச் சுருள்பாசி வளர்க்கக் கற்றுக்கொண்டனர். தொட்டியிலே தண்ணீர், அதிலே கண்ணுக்குப் புலப்படாத பாசி. வடித்து, உலர்த்தி, பொடியாக்கினால் புரதம் நிறைந்த உணவு. மந்திரமா இது? அறிவியல்! குழந்தை மெலிந்தால் தாயத்துக் கட்டும் நம்மூர்த் தாய்மார்கள், முகாமுக்குச் சென்று இந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வருவது நன்று. இயேசு சபையாரின் அகதிகள் பணியமைப்பும் முகாம்களிலே மாலைநேர வகுப்புகள் நடத்துகிறது. யார் நடத்தினாலென்ன, விளக்கு எரிகிறது, பிள்ளை படிக்கிறான், பாராட்டுகிறோம்.

ஆனால் அந்தப் பிள்ளையின் வழியிலே நாம் போட்ட முள்ளையும் சொல்லியாக வேண்டும். 1991 மே மாதம் திருப்பெரும்புதூரிலே, நம் காஞ்சி வட்டாரத்திலேயே, ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். கொடுஞ்செயல்; மறுப்பவர் இல்லை. குற்றவாளியைத் தேடு, கூண்டிலேற்று, தண்டனை கொடு, அது நீதி. அன்று நடந்ததோ வேறு. முகாமிலே மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்குப் போட்டுக் கொண்டிருந்த மாணவனுக்குக் கல்லூரிக் கதவு மூடப்பட்டது! தொண்டு நிறுவனங்களுக்கு முகாமின் கதவும் மூடப்பட்டது. 1996இல் ஆட்சி மாறிய பிறகே கல்லூரிக் கதவு மீண்டும் திறந்தது. இடையிலே போன ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்? பதினெட்டு வயது ஒருவனுக்கு ஒருமுறைதானே வரும்!

சரி, கதவு திறந்தது, படித்தான், பட்டம் பெற்றான். பிறகு? அரசுப் பணிக்கு விண்ணப்பம் போட முடியாது, குடிமகன் அல்லன். நிறுவனத்துக்குப் போனால் கடவுச்சீட்டு எங்கே என்கிறார்கள். மனை வாங்கலாம் என்றால், இலங்கைக் குடிமக்கள் என்ற கணக்கில் ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி வேண்டும். கடைசியிலே சான்றிதழை இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, வண்ண வாளியைக் கையிலெடுக்கிறான். வண்ணம் பூசுவது இழிதொழில் என்று சொல்லமாட்டோம்; உழைப்பிலே இழிவு கற்பித்தது வருணாசிரமம், நாமல்லர். ஆனால் விரும்பி எடுக்கும் தூரிகை வேறு, வேறு வழியின்றித் திணிக்கப்படும் தூரிகை வேறு.

இனித் தண்ணீர். நம்மூர்க் கல்வெட்டிலே ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. ஆறு பேர் அதிலே. வயிரமேகத் தடாகத்தைத் தூர்வாருவது, கரையைக் காப்பது போன்ற வேலைகள். மழை வேண்டி யாகம் செய்தால் ஏரி நிரம்பிவிடும் என்று அந்தச் சபையாரேகூட நம்பியிருக்கவில்லை போலும். வாரியம் வைத்து வேலை வாங்கினார்கள்! தண்ணீரை யார் ஆளுகிறார் என்பதே ஊரை யார் ஆளுகிறார் என்பதற்கு விடை. முகாமிலே அந்த விடை என்ன? பத்தடிக்குப் பத்தடி அறைகள் வரிசையாக, பொதுக்குழாய் ஒன்று, அதன் முன்னே குடங்களின் வரிசை. ஆழ்துளைக் கிணறு வற்றினாலோ மேல்நிலைத் தொட்டி கழுவப்படாமல் கிடந்தாலோ குளோரின் கலக்க ஆளில்லாமல் போனாலோ, வயிற்றுப்போக்கு முதலில் வருவது கைக்குழந்தைக்கு. பள்ளி முதலில் நிற்பது பெண்பிள்ளைக்கு. குடத்தோடு நிற்பவள் அவள்தானே! வருகைப் பதிவேட்டிலே நாம் சிவப்பு மையால் போடும் அந்தச் சிறு குறி, பல வேளைகளிலே குழாயின் வறட்சிக்கு நாம் போடும் கையெழுத்து. தூய நீர் வேறு துறை, கல்வி வேறு துறை, பிழைப்பு வேறு துறை என்று கோப்பு கட்டுவோர் ஒருநாள் அந்த வரிசையிலே நின்று பார்க்கட்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறமாட்டோம். 2021 ஆகஸ்ட் 27 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்திலே 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் அறிவிக்கப்பட்டது. 7,469 வீடுகள் புதிதாய்க் கட்ட முடிவு, குடும்பத் தலைவருக்கு மாதம் ஆயிரமாக இருந்த உதவித்தொகை ஆயிரத்து ஐந்நூறு ஆயிற்று, படிப்புதவி உயர்ந்தது. அகதிகள் முகாம் என்ற பெயர்ப்பலகை இறங்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று ஏறியது. நல்ல செயல், மனமுவந்து வரவேற்றோம். எனினும், பலகை மாறியது, பதிவேடு மாறவில்லை. மறுவாழ்வு என்கிறது பலகை. வெளியூர் போய்வர அனுமதி கேள் என்கிறது பதிவேடு. புது வீட்டின் சுவர் உறுதியானது. அதனுள்ளே வாழ்பவனின் நிலை?

இங்கேதான் நம் வழக்கு. உதவி வேண்டும், பள்ளி வேண்டும், பாசித் தொட்டி வேண்டும், குழாய் வேண்டும். ஆனால் நாற்பதாண்டு உதவி பெற்றும் ஒருவன் உதவி பெறுபவனாகவே நீடிப்பானேயானால், குறை அவனிடமா, உதவுகிற ஏற்பாட்டிடமா? விருந்தினன் என்று சொல்லித் திண்ணையிலே இலை போடுகிறோம், நாற்பதாண்டுகளாகத் திண்ணையிலேயே! வீட்டுக்குள் வரச் சொல்லும் அதிகாரம் டில்லியிடம் இருக்கிறது. டில்லி என்ன செய்தது? 2019 டிசம்பரிலே குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த ஆறு மதத்தாருக்கு வழி, இசுலாமியருக்கு இல்லை, இலங்கைத் தமிழருக்கும் இல்லை. இந்துக்களைக் காக்கவே இச்சட்டம் என்று முழங்கினார்களே, முகாம்களிலே திருநீறு பூசியோர் ஆயிரமாயிரம் பேர் இருக்கிறார்களே, அவர்கள் எந்தக் கணக்கு? மதம் பார்த்துக் கதவு திறப்பது மடமை. தாம் சொன்ன மதத்தையேகூடத் தமிழ் பேசினால் கணக்கில் சேர்க்காதது, மடமைக்கும் மேலே ஒரு படி!

திறக்கவே முடியாத கதவா இது? வரலாற்றைப் புரட்டுங்கள். 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழரை ஆடுமாடுபோல் பங்கிட்ட ஒப்பந்தம்தான். அவர்களிடம் ஒரு சொல் கேட்டவரில்லை. ஆயினும் அதன்படி வந்தோர் குடிமக்களாக வந்தனர்; அவர்களுக்காக 1968இல் நீலகிரியிலே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கூலி குறைவு, குளிர் அதிகம், துயரம் ஏராளம். இருப்பினும் வாக்குரிமை இருந்தது, கூலிக்காகக் கொடி பிடிக்க முடிந்தது. அதே மலையகத்தின் மற்றொரு குடும்பம், கலவரத்துக்கு அஞ்சி வடக்கே போய், பின்னர் படகிலே வந்தது. அது இன்னும் முகாமிலே! பாட்டன் திருச்சிச் சீமையிலிருந்து தேயிலை பறிக்கப் போனவன். பேரன் அதே திருச்சியின் கொட்டப்பட்டு முகாமிலே அயல்நாட்டான்! 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகைய அறுபத்தைந்து பேரின் வழக்கிலே, அவர்களின் விண்ணப்பங்களைப் பரிவுடன் ஆராயுமாறு கூறிற்று. 1986இல் மண்டபம் முகாமிலே பிறந்த பெண்ணொருவர், 1987 ஜூலைக்கு முன் இம்மண்ணில் பிறந்தோர் குடிமக்களே என்ற சட்டத்தைக் காட்டி நீதிமன்றம் ஏறினார், 2022இல் வென்றார், 2024 தேர்தலிலே வாக்களித்தார். ஒரு விரலிலே ஒரு சொட்டு மை! அதற்கு முப்பத்தெட்டு ஆண்டு! 1987 ஜூலைக்குப் பின் முகாமிலே பிறந்தோருக்கு அந்த வாசலும் இல்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலே, இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கின்போது, இந்நாடு தருமசத்திரமன்று என்று நீதியரசர் கூறியதாக ஏடுகள் வெளியிட்டன. அவ்வழக்கின் தன்மை வேறு. அதில் நாம் புகவில்லை. சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று சொல்வோம். சத்திரம் என்றால் மூன்று நாள் தங்கிப் போகிற இடம். முகாமிலே பிறந்து, பள்ளி முடித்து, மணம் முடித்து, பிள்ளை பெற்று, தாயைப் புதைத்தவர்கள் சத்திரத்துக்கு வந்தவர்களா? அதே ஆண்டு செப்டம்பரிலே, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டின்மைக்கான தண்டனைப் பிரிவிலிருந்து விலக்கிற்று உள்துறை அமைச்சகம். தலைமேல் தொங்கிய கத்தி அகன்றது. நன்றி. ஆனால், கத்தி அகன்றதும் கிடைத்தது குடியுரிமையன்று, வெறும் கழுத்து!

இளைஞர்களே, நாம் என்ன செய்யலாம்? அறிக்கையிலே கண்ணீர் விடுவது எளிது. விட்டாயிற்று போதுமான அளவு. ஒன்று சொல்கிறோம். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராமசபை கூடுகிறது. முகாம் அமைந்த ஊராட்சியிலே அன்று தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். முகாமின் குழாயைப் பற்றியும் பேசக்கூடும். ஆனால் கிராமசபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோரின் சபை. குழாயடியிலே நிற்பவள் அங்கே கையுயர்த்த முடியாது. நமக்கோ பெயர் இருக்கிறது. உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஊராட்சிகளிலே, அடுத்த கிராமசபையிலே, நாம் எழுந்து நின்று இந்தத் தீர்மானத்தை முன்மொழிகிறோம். முகாம் உள்ள ஊர்களின் தோழர்களும் முன்மொழியட்டும்:

"தமிழ்நாட்டு முகாம்களிலும் வெளியிலும் வாழும் இலங்கைத் தமிழருள் விரும்புவோர் அனைவருக்கும், மத வேறுபாடின்றி, இந்தியக் குடியுரிமை வழங்க ஒன்றிய அரசைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, முகாம் அமைந்த ஊராட்சிகளிலே குடிநீர், பள்ளி, தொழிற்கடன் பற்றிப் பேசும் கூட்டங்களுக்கு முகாம் மக்களின் பேராளரை அழைத்து, அவர் சொல்லைக் குறிப்பேட்டில் பதிய வேண்டுமெனத் தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்."

வழிமொழிய இருவர் வேண்டும். பெயர்களை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.