தடை மட்டும் போதுமா?

பால்மரத் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், சம்பள நாள் என்றாலே தாய்மார்கள் பலர் கலங்கினர். கள்ளுக்கடையும் சீட்டாட்டமும் கூலியில் ஒரு பகுதியை விழுங்கின. ஆயினும், யார் எங்கே சீட்டாடுகிறார் என்பதை லயத்தில் இருந்தோர் அறிந்திருந்தனர். தட்டிக் கேட்கப் பெரியவர்களும் இருந்தனர். இன்று பேராக் மாநிலத்தில் அத்தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் வேலை செய்கின்றனர். சூதாட்டமோ திறன்பேசிக்குள் குடியேறிவிட்டது. அறைக்குள் அமர்ந்து சூதாடும் இளைஞரின் இழப்பை, கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்வரை வீட்டார்கூட அறிவதில்லை.

மலேசியாவில் உரிமம் இல்லாத சூதாட்டம் குற்றமாகும். ஆனால், அதனைத் தடுக்கும் முதன்மைச் சட்டங்களான பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டமும் பந்தயச் சட்டமும் 1953-இல் இயற்றப்பட்டவை. சூதாட்டம் நடக்கும் கட்டடத்தைச் சோதனையிட அவை பெரிதும் உதவும். வெளிநாட்டிலிருந்து இயங்கும் அகப்பக்கத்தைச் சோதனையிடுவது எளிதன்று. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் ஓர் அகப்பக்கத்தை முடக்கினாலும், அது வேறு பெயரில் மீண்டும் தோன்றிவிடுகிறது.

இச்சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் இதற்குப் பொதுச் சட்டம் இல்லை. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியை நாடியுள்ளது. நார்வே, ஓர் அரசு நிறுவனத்திற்கும் ஒரு குதிரைப் பந்தய அமைப்புக்கும் மட்டுமே இடம் தந்து, மற்ற நிறுவனங்களுக்குப் பணம் செல்வதை 2010 முதல் வங்கிகள் வழியே தடுத்து வருகிறது. சுவீடன், 2019 முதல் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சூதாட்ட உரிமம் வழங்குகிறது. அங்குச் சூதாட்டத்தை விட்டொழிக்க விரும்புபவர் ஒரே இடத்தில் பதிந்துகொண்டால் போதும். உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களும் அவரை விலக்கிவிட வேண்டும். பிரிட்டன் 2020-இல் கடன் அட்டையைக் கொண்டு சூதாடுவதைத் தடை செய்தது. ஜெர்மனி 2021-இல், ஒருவர் செலுத்தும் பணத்திற்குப் பொதுவாக மாதம் 1,000 யூரோ என வரம்பு விதித்தது. இத்தாலி 2018-இல் சூதாட்ட விளம்பரங்களுக்குத் தடை விதித்தது.

இவ்வழிகள் வேறுபட்டாலும், பணம், விளம்பரம், மீட்சி ஆகிய மூன்றில் ஒன்றையேனும் அவை கவனிக்கின்றன. உரிமம் வழங்கினால் அரசுக்கு வரி கிடைக்கும், ஆட்டத்தையும் கண்காணிக்கலாம் என்பர் சிலர். எனினும், உரிமம் பெற்ற நிறுவனமும் பிறரின் இழப்பிலேயே இலாபம் காண்கிறது. எனவே, மலேசியா தன் தடையைத் தளர்த்த வேண்டியதில்லை. அதனோடு நார்வேயைப் போலப் பணம் செல்லும் வழியை அடைப்பதும், இத்தாலியைப் போல விளம்பரத்தை ஒடுக்குவதும் அவசியமாகும்.

மீட்சிக்கும் வழி வேண்டும். தண்டனைக்கு அஞ்சுபவர் உதவி கேட்கத் தயங்குவார். கடனில் சிக்கியவர்களுக்கு இலவச ஆலோசனை வழங்க, பேங்க் நெகாரா 2006-இல் ஏ.கே.பி.கே. எனும் அமைப்பை உருவாக்கியது. இதனைப் பள்ளிகளும் ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் மக்களுக்கு எடுத்துரைக்கலாம். சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கைச் சூதாட்டக் கும்பலுக்கு இரவல் கொடுப்பதும் குற்றம் என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

சூதின் கேட்டை விளக்கத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். சிறு பணத்தின் வலிமையை உணர்த்த, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தனின் வரலாறே போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தவித்தபோது, அவர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. அதே பத்து வெள்ளி இன்று ஒரு விரல் அசைவில் கரைந்து போகிறது. அதனைக் காப்பது சட்டத்தின் கடமை மட்டுமன்று. குடும்பத்தின் கடமையும் சமுதாயத்தின் கடமையும் ஆகும்.