கால் அறியும் தோட்டம்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், ஜூரோங் ஏரியின் நடுவிலுள்ள தீவொன்றில், 13 ஹெக்டேர் பரப்பில் 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜப்பானியத் தோட்டம், தோட்டக்கலையின் அடிப்படையான ஒரு கேள்விக்கு விடையாக நிற்கிறது. இலையுதிர்காலச் சிவப்பும் செர்ரிப் பூவின் வசந்தமும் பனிப்பொழிவும் இல்லாத, ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் மாறிமாறி வரும் மண்ணில், ஜப்பானின் பருவங்களோடு பிறந்து வளர்ந்த தோட்டம் வேர்கொள்ள முடியுமா என்பதே அக்கேள்வி. முடிந்திருக்கிறது என்றால், ஜப்பானியத் தோட்டத்தின் உயிர் அதன் செடிகளில் மட்டும் இல்லை என்றே கொள்ள வேண்டும். அது கல்லின் இருப்பிலும் நீரின் வளைவிலும், இவற்றினூடே நடப்பவரின் காலடியிலும் இருக்கிறது.

ஜூரோங் ஆற்றை அணையிட்டு உருவாக்கிய ஏரியில் இத்தோட்டத்தை வடிவமைத்தவர், ஜப்பானின் அடாச்சி அருங்காட்சியகத் தோட்டத்தை அமைத்துப் புகழ்பெற்ற கின்சாகு நகானே (1917–1995). சிங்கப்பூர், ஜப்பான் ஆகிய இரு நாடுகளையும் சுட்டும் எழுத்துகளைச் சேர்த்து, 'செய்வாஎன்' என்ற பெயரை இதற்குச் சூட்டியவர் அன்றைய சிங்கப்பூர் அமைச்சர் கோ கெங் சுவீ. இப்பெயரின் கனத்தைத் தமிழர் எளிதில் உணரக்கூடும். 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியப் படையிடம் வீழ்ந்த சிங்கப்பூர் மூன்றரை ஆண்டுகள் அதன் ஆட்சியில் இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர். ஆக்கிரமிப்பு முடிந்த 28 ஆண்டுகளில் அதே மண்ணில் ஜப்பானின் பெயரால் ஒரு தோட்டம் எழுந்ததால் அந்த இழப்பு அழிந்துவிடவில்லை. எனினும் ஒரு நாட்டை அதன் படையைக் கொண்டு மட்டும் அறிந்தவர்கள், அதன் தோட்டத்தைக் கொண்டும் அறிய வழி பிறந்தது.

தோட்டம் அமைப்பது பற்றிய ஜப்பானின் மிகப் பழைய நூலான, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'சகுதெய்கி', கல்லை நிறுத்தும் கலையிலிருந்தே தொடங்குகிறது. முதற்கல்லை நட்டபின், அக்கல் எதை வேண்டுகிறதோ அதற்கேற்ப மற்றக் கற்களை அமைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இம்மரபில் வளர்ந்த, தேநீர்ச் சடங்குக்கான தோட்டங்களில், 'தோபி-இஷி' எனப்படும் அடிவைப்புக் கற்கள் மண்ணில் பாதி புதைந்து, ஓர் எட்டுக்கு ஒன்றாக, சீரற்ற இடைவெளியில் கிடக்கின்றன. அவற்றின் மேல் நடப்பவர் கால் தவறாதிருக்கக் கீழே பார்த்தே ஆக வேண்டும். இடையில் அகன்ற கல்லொன்று வரும்போது இரு காலும் ஊன்றி நிற்க இடம் கிடைக்கிறது. அங்கே நின்று தலை நிமிர்த்தினால், காட்டவேண்டிய காட்சி அவ்விடத்தில் காத்திருக்கிறது. செல்லக்கூடாத பாதையின் முகப்பில், கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல்லை வைக்கிறார்கள். 'செகிமோரி-இஷி', அதாவது 'காவற்கல்', என்று அதற்குப் பெயர். எவரும் தாண்டிவிடக்கூடிய அக்கல்லை எவரும் தாண்டுவதில்லை என்பதில், அறிவிப்புப் பலகையும் கம்பிவேலியும் தர இயலாத ஒரு மரியாதை இருக்கிறது.

இம்மரபின் மற்றொரு கூறு 'ஷக்கெய்', அதாவது 'இரவல் காட்சி'. தோட்டத்துக்கு வெளியே தொலைவில் இருக்கும் மலையையோ காட்டையோ தோட்டத்தின் பின்புலமாகக் கணக்கில் கொண்டு, அதை மறைக்காமல் உள்ளே மரங்களையும் கற்களையும் அமைப்பது இதன் முறை. தனக்குச் சொந்தமல்லாததை மாற்றாமல், தன் இடத்தை அதற்கேற்ப அடக்கிக்கொள்ளும் பணிவே இதன் சாரம்.

புதுச்சேரியின் கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர்ப் பகுதிகளில் வாழ்வோருக்கு இந்த முறை அயலானதன்று. அதற்குரிய சொல் மட்டுமே புதியது. தென்பெண்ணையின் நீரைப் பங்காரு வாய்க்கால் வழியாகப் பெறும் பாகூர் ஏரியின் கரையில் மாலையில் நிற்பவருக்கு, நீர், அதன்மேல் பறவை, அப்பால் பனை, அதற்கும் அப்பால் வானம் என அடுக்கடுக்காக விரியும் காட்சியை எந்தத் தோட்டக்காரரும் அமைத்துத் தரவில்லை. பாசனத்துக்காகக் கட்டிய கரையே அதைக் காட்டும் மேடையாகவும் அமைந்துவிட்டது. கோயில் திருக்குளத்தின் படிக்கட்டில் இறங்குபவர் குனிந்து நிதானமாக அடிவைப்பதும், நீரைத் தொட்டபின் நிமிர்ந்து கோபுரத்தைக் காண்பதும் அடிவைப்புக் கற்களின் பாடமேயாகும்.

ஆகவே ஏரிகளையும் குளங்களையும் 'அழகுபடுத்த' முற்படும்போது, சிமென்ட்டுச் சிலையும் வண்ண விளக்கும் நீரூற்றும் எங்கே வைப்பது என்பதற்கு முன்னர், கரையில் நிற்பவர் ஏற்கெனவே எதைக் காண்கிறார், அதை எது மறைக்கும் என்று கேட்பதே முறையாகும். இப்படிப் பார்க்கக் கற்றுத்தரும் சிங்கப்பூரின் ஜப்பானியத் தோட்டம் புதுப்பிக்கப்பட்டு 2024 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டணமின்றி எவரும் சென்று காணலாம். வேலை நிமித்தம் அந்நகருக்குச் செல்லும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு விடுமுறை மாலையில் அங்கே நடந்து பார்ப்பது நலம். கற்கள் அங்கேயே இருக்க, அடுத்த முறை ஊர் திரும்பி ஏரிக்கரையில் ஏறும்போது, நின்று பார்க்கவேண்டிய இடம் எதுவென்று அவர்களுடைய கால்களுக்கே தெரிந்திருக்கும்.