பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தூரம் ஏழெட்டு மைலுக்கு மேல் இராது. காலை எட்டு மணிக்கு அந்த ரஸ்தாவின் ஓரத்திலே சற்று நேரம் நின்று பார்க்கிறவருக்கு, இந்த நாட்டுக் கல்வியின் நிலைமை புத்தகம் இல்லாமலே விளங்கிவிடும். மஞ்சள் வர்ணம் பூசிய வேன்கள் கழுத்துப்பட்டை கட்டிய குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இங்கிலீஷ் பள்ளிகளை நோக்கி விரைகின்றன. சர்க்கார் கொடுத்த சைக்கிளிலே பெரிய வகுப்புப் பிள்ளைகள் போகிறார்கள். இரவு ஷிப்டு முடிந்த மில் தொழிலாளிகள் தூக்குச் சட்டியோடு எதிரே வருகிறார்கள். இந்தச் சந்தடியிலிருந்து விலகி உட்கிராமங்களுக்குச் சென்றால், வேதக்கோயிலை ஒட்டினாற்போல் ஓட்டுக் கூரை போட்ட மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றைக் காணலாம். ஒரு காலத்தில் ஊருக்கே எழுத்தறிவித்த பள்ளிகள் இவை. இன்று அதன் வாசலிலே உபாத்தியாயர் நின்றுகொண்டு, பிள்ளைகள் வருகிறார்களா என்று வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்பள்ளிகளைப்பற்றி வெகுநாளாக ஒரு பேச்சு உண்டு. வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சொத்து, பிள்ளைகளுக்கு வேதத்தைப் புகட்டித் தேசத்தை மறக்கச் செய்கிற இடம் என்பது அந்தப் பேச்சு. இதைச் சொல்கிறவர்கள் சரித்திரத்தை அரைகுறையாகப் படித்தவர்கள் என்றே கருதவேண்டியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் பழைய திருநெல்வேலி ஜில்லாவின் வடபகுதியாக இருந்தது. 1910-ல்தான் அது இராமநாதபுரம் ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பெயரெடுத்த ராக்லண்ட் என்ற பாதிரியார் 1854-ல் இந்த வடபகுதியிலே கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றி, 1858-ல் சிவகாசியில் காலமானார். அவரோடு சுற்றித் திரிந்தவர்கள் தமிழ் உபதேசிமார். அவர்களை அனுப்பியது தென்பகுதித் தமிழ்ச் சபைகளின் காணிக்கை. 1903-ல் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலியோர் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதையே கொள்கையாக வைத்தார்கள். காங்கிரஸ் பூரண சுயராஜ்யம் என்று தீர்மானம் போடுவதற்கு இருபத்தாறு வருஷங்களுக்கு முந்திய செய்தி இது. ஏலம் விட்ட பூசணிக்காய்ப் பணத்திலும் கோழிப் பணத்திலும் சுவர் எழும்பிய பள்ளியை அந்நியன் சொத்து என்று சொல்வது நியாயமல்ல.

தேசபக்தியும் கிறிஸ்தவ விசுவாசமும் ஒரே நெஞ்சில் குடியிருக்குமா என்று கேட்பவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைச் சாலையிலே போனால் தே. கல்லுப்பட்டியில் இறங்கி விசாரிக்கலாம். அங்கே உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்திலேதான் ஜே. சி. குமரப்பா தமது கடைசி வருஷங்களைக் கழித்தார். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை கற்று, அமெரிக்காவிலே கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்து, கோட்டும் சூட்டுமாகத் திரிந்தவர் அவர். ஜோசப் கார்னீலியஸ் என்ற பெயரோடு குடும்பப் பெயரான குமரப்பாவைச் சூடிக்கொண்டார், 1929-ல் மகாத்மாவைக் கண்டார், கதர் கட்டினார். ஆனால் கோயிலை விடவில்லை. இதைக் கவனிக்கவேண்டும். தேசத்துக்காக மதத்தைக் கைகழுவியவர் அல்லர் அவர். மதத்தின் பேரால்தான் தேசத்துக்கு வந்தார். 1930-ல் சத்தியாக்கிரகிகளின் தலைமேல் தடியடி விழுந்தபோது, சமாதானத்தைப் பிரசங்கிக்கிற திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டுக் கல்கத்தாவிலிருந்த தலைமைப் பிஷப்புக்கே கடிதம் எழுதினார். திருச்சபைத் தலைமையிலிருந்து அவருக்குக் கிடைத்த ஆதரவு சொற்பம். சிறைக்குப் போனார். ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது அவர் எழுதிய இரண்டு புத்தகங்களில் ஒன்று இயேசுவின் போதனையைப்பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப்பற்றியது. இரண்டுக்கும் முன்னுரை எழுதியவர் காந்தியடிகளே.

அந்தக் குமரப்பாவுக்கும் பள்ளிக் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். 1937 அக்டோபரில் வார்தாவிலே கல்வி மகாநாடு கூடியது. ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்க டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் அங்கத்தினர்களில் குமரப்பா ஒருவர். யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம் இன்னொருவர். அவரும் கிறிஸ்தவர். தேசியக் கல்வி என்று இந்நாடு எழுதிவைத்த திட்டத்திலே இரண்டு தமிழ்க் கிறிஸ்தவர்களின் கை இருந்தது என்பது நம்முடைய பாடப் புத்தகங்களிலே தேடினாலும் அகப்படாத சங்கதி. எல்லாக் குழந்தைகளும், பணக்காரன் பிள்ளையும் பறிகொடுத்தவன் பிள்ளையும், கையால் ஒரு தொழிலைச் செய்து அதன்மூலம் அறிவு பெறவேண்டும் என்றது அத்திட்டம். 1953-ல் சென்னை ராஜ்யத்தில் வந்த அரைநேரப் பள்ளித் திட்டத்தையும் இதையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புகிறவர்கள் உண்டு. மற்ற அரை நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கவேண்டும் என்ற அந்தத் திட்டம் ஜனங்களின் கோபத்தைத்தான் சம்பாதித்தது. 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானவுடன் கைவிடப்பட்டது.

காமராஜர் இந்த மண்ணின் மனிதர். 1952-ல் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி. அதற்கு முன்னே 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்கு எழுதிவைத்தவர். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு பேரைக் கொடுத்தன. காமராஜர் ஆட்சியிலே ஊருக்கு ஊர் பள்ளி வந்தது. 1956-ல் மத்தியான உணவும் வந்தது. அந்தக் காலத்திலே சர்க்கார் பள்ளி, மிஷன் பள்ளி என்ற பேதம் பெரிதாகப் பாராட்டப்படவில்லை. பிள்ளை எங்கே உட்கார்ந்து படித்தால் என்ன, படித்தால் போதும் என்ற எண்ணம் இருந்தது.

ஆனாலும் இதே ஜில்லாவிலே, விடிவதற்கு முன்பே கிராமங்களுக்குள் பஸ் வரும். பள்ளிக்கூட பஸ் அல்ல. தீப்பெட்டி ஆபீஸ் பஸ். தூக்கம் கலையாத குழந்தைகளைத் தூக்கி ஏற்றிச் சிவகாசிப் பக்கம் கொண்டுபோய், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் உட்காரவைத்த காலம் ஒன்று இருந்தது. 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், குழந்தையை அபாயகரமான வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு தோன்றியதே சிவகாசியை முன்னிட்டுத்தான். அந்த நாட்களில் ஞாயிறு ஆராதனைக்கு வந்த குழந்தைகளின் விரல் நுனியில் மருந்து ஒட்டியிருந்ததைப் பல குருமார் பார்த்திருப்பார்கள். பிரசங்க பீடத்திலிருந்து அதைக் கண்டித்தவர்கள் எத்தனை பேர்? தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்திய பிரமுகர்களில் எத்தனை பேர் கண்டித்தார்கள்? கேள்வி இரு சாராருக்கும் பொருந்தும்.

தேசபக்தியை அளக்கிற கோல் எது என்பதிலே நம் நாட்டில் இடைக்கிடையே தகராறு எழுகிறது. 1985-ல் கேரளத்திலே யெகோவா சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் விசுவாசம் இடங்கொடாது என்று பாடவில்லை. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், எழுந்து நின்று மரியாதை செய்த பிள்ளையைப் பாடவில்லை என்பதற்காக வெளியேற்றியது தவறு என்று தீர்த்து, அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தமிழ்நாட்டுச் சபைகளுக்கு இந்தத் தர்மசங்கடம் கிடையாது. மிஷன் பள்ளிப் பிள்ளைகள் ஜெபத்தையும் சொல்லி ஜனகணமனவையும் உரக்கப் பாடுகிறவர்கள்தாம். இருந்தபோதிலும் அந்தத் தீர்ப்பு எல்லாப் பள்ளிகளுக்கும் உரியது. வாசலுக்கு வெளியே தள்ளப்பட்ட குழந்தையால் தேசத்துக்கு வரக்கூடிய லாபம் ஒன்றுமில்லை.

இன்று பிள்ளையை வாசலுக்கு வெளியே தள்ளுவது தீப்பெட்டி ஆபீசும் அல்ல, கீதமும் அல்ல. வேறு காரியங்கள். சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, மறு வருஷம் மாநிலம் முழுவதும் பரவியது. மிகவும் நல்ல காரியம், யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் அதில் சேரவில்லை. ஒரே தெருவிலே அக்காள் பிள்ளைக்குப் பொங்கலும் சாம்பாரும், தங்கை பிள்ளைக்கு வெறும் வயிறும் என்றால், தங்கை தன் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவாள்? 2024 ஜூலை 15-ந் தேதி காமராஜர் பிறந்த நாளன்றுதான் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் சிற்றுண்டி வந்தது. அதைத் தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் ஜில்லா கீழச்சேரியிலே புனித அன்னம்மாள் பள்ளி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நகரங்களின் உதவிபெறும் பள்ளிகள் 2025 ஆகஸ்டு வரை காத்திருக்க நேர்ந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் அப்படியே. உதவிபெறும் பள்ளியிலே தமிழில் படித்த பெண்ணுக்கு அது 2024 டிசம்பரில்தான் எட்டியது. வைத்தியக் கல்லூரியிலே 2020-ல் கொண்டுவந்த ஏழரை சதவீத இடமோ சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கு மட்டும் என்றே வகுக்கப்பட்டது. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிற தறிக்காரன் மகள் மிஷன் பள்ளியிலே இலவசமாகப் படித்தாள் என்பதற்காக, டாக்டர் படிப்பு வாய்ப்பிலே பின்தங்கவேண்டும் என்பது என்ன நீதி? அவளும் கூலிக்காரன் பிள்ளை. அவளுடைய வாத்தியாருக்கும் சம்பளம் கஜானாவிலிருந்துதான் போகிறது.

சர்க்காரை மட்டும் குறைசொல்லி நிறுத்திவிட முடியாது. நிர்வாகங்களின் யோக்கியதையையும் பேசித்தான் ஆகவேண்டும். கிராமத்துத் தமிழ்ப் பள்ளியின் ஓட்டை மாற்றப் பணமில்லை என்கிற சில நிர்வாகங்களுக்கு, பட்டணத்திலே மூன்று மாடியில் இங்கிலீஷ் பள்ளி கட்டப் பணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அங்கே கட்டணம் செலுத்துகிறவர்கள் யார், இங்கே காத்திருக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், இயேசு யார் பக்கத்தில் உட்காருவார் என்பது ஞாயிறு பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். காலி இடத்துக்கு வாத்தியாரை நியமிக்கும்போது திறமையைப் பார்க்காமல் பண முடிப்பைப் பார்க்கிறார்கள் என்ற புகார் சபை மக்கள் வாயிலிருந்தே வருகிறது. வெளியார் கட்டிய கதை என்று தள்ளிவிட முடியாத புகார் அது. கோர்ட்டுக்குப் போகும் நிர்வாகத் தேர்தல் சண்டைகள் வேறு. வக்கீல் பீசுக்குப் போகிற ரூபாயிலே எத்தனை கரும்பலகை வாங்கலாம் என்று கணக்குப் பார்க்கக் குமரப்பாதான் திரும்பி வரவேண்டும். அவர் தொழிலே கணக்குத் தணிக்கை அல்லவா?

உபாத்தியாயர்களின் கவலை இன்னொன்று. 2025 செப்டம்பர் முதல் தேதி சுப்ரீம் கோர்ட், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ள வாத்தியார்கள் தகுதித் தேர்வு எழுதித் தேறவேண்டும் என்றது. சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய பெஞ்சின் யோசனைக்கு அனுப்பியது. சலுகை கிடைக்கட்டும் என்று காத்திருப்பதைக் காட்டிலும், பரீட்சையை எழுதித் தேறிவிடுவதே மிஷன் பள்ளி வாத்தியார்களுக்குக் கௌரவம். தாலுகாவுக்கே நல்ல வாத்தியார் எங்கே என்றால் வேதக்கோயில் பள்ளியில் என்று கைகாட்டிய நாள் உண்டு. சிறுபான்மை உரிமை என்பது அரசியல் சட்டத்தின் 30-வது ஷரத்து கொடுத்த கவசம். கவசம் போர்செய்கிறவனுக்கு, உறங்குகிறவனுக்கு அது பாரம்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னால் செய்யக்கூடிய காரியங்கள் சில கைவசம் இருக்கின்றன. உதவிபெறும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளையையும் ஏழரை சதவீதத்திலே சேர்ப்பது சர்க்காரின் ஒரு சட்டத் திருத்தத்தில் முடியும். நியமனங்களையும் வரவு செலவையும் ஆலய வாசலிலே எழுதி ஒட்டுவது நிர்வாகங்களின் ஒரு தீர்மானத்தில் முடியும். ஜனங்களுக்கும் வேலை இருக்கிறது. தென்பாண்டிச் சபைகளின் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஞாயிறன்று காணிக்கையாகக் கொண்டுவருவது நெடுநாளைய வழக்கம். விருதுநகரிலே காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலையும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியில் நடந்த பள்ளிதான். அந்த அரிசியை விற்ற பணம் இப்போது பல ஊர்களில் கோபுரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிறது. இரண்டு வருஷம் அது பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். ஒரு வாத்தியார் குறைந்த பள்ளியில் ஒரு உதவி வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கலாம், ஒழுகுகிற ஓட்டையும் மாற்றலாம்.