கடல் தெரியும் அறை



கோவில்பட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். மகளுக்கு நந்தனத்தில் ஒரு கல்லூரியில் தேர்வு. ஞாயிறு காலை எட்டரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். அம்மாவும் மகளும் மட்டும் வருகிறார்கள், இரண்டு இரவு தங்க வேண்டும். எங்கே ரூம் போட்டால் நல்லது என்பதுதான் கேள்வி. கையெழுத்துப் போட்ட பிறகு, தாளின் ஓரத்தில் இடுக்கிக்கொண்டு இன்னொரு வரி: "கடல் தெரிகிற மாதிரி கிடைக்குமா சார்? நான் மெட்ராஸ் கடலைப் பார்த்ததே இல்லை."

நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கடல் தெரிகிற அறையில் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. அந்த வரியைப் படித்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

காமராஜர் சாலையை மனதுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மணல். எதிர்ப்பக்கம் சென்னைப் பல்கலைக்கழகம், சேப்பாக்கம் மாளிகை, மாநிலக் கல்லூரி, ஐஸ் ஹவுஸ் என்று நாம் சொல்லும் விவேகானந்தர் இல்லம், ராணி மேரிக் கல்லூரி, டிஜிபி அலுவலகம், வானொலி நிலையம். கடலைப் பார்த்த முன்வரிசையைப் படிப்பும் அரசாங்கமும் எப்போதோ பிடித்துவிட்டன. வடக்கே துறைமுகம். தெற்கே நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் என்று மீனவர்களின் வீடுகள். அவர்களுக்குத்தான் உண்மையில் கடல் தெரியும் அறை. விடுதி என்று கடலோரத்தில் தேடினால் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத்தான் போக வேண்டும். தேனிலவுக்கு அது சரி. எட்டரை மணித் தேர்வுக்கு அங்கிருந்து புறப்பட்டால், அம்மாவும் மகளும் வழியெல்லாம் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

இந்த ஊரின் லாட்ஜுகள் கடலைப் பார்த்து முளைத்தவை அல்ல, தண்டவாளத்தைப் பார்த்து முளைத்தவை. எழும்பூர் நிலையக் கட்டடம் 1908-இல் திறக்கப்பட்டது. தெற்கேயிருந்து வருகிறவர்கள் இறங்கியதும் பெட்டியோடு சாலையைக் கடந்தால் கென்னட் லேன். இரண்டு பக்கமும் லாட்ஜ். சென்ட்ரலில் இறங்கியவர்களுக்குப் பெரியமேடும் வால்டாக்ஸ் ரோடும். மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டித் தி.நகர். வந்த வண்டியை விட்டு அதிக தூரம் போகாமல் தங்குவது அந்தக் காலத்து வழக்கம். இப்போது அந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து, தெற்கேயிருந்து பேருந்தில் வருகிறவர் விடியற்காலையில் ஊருக்கு வெளியே இறங்கி, "சென்னை எங்கே?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. அங்கிருந்து நகரத்தின் நடுவுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரே ஒரு வேலை, அதுவும் தாம்பரத்திலோ கிண்டியிலோ என்றால் அங்கேயே அறை எடுத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் பாசத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான் யாருக்கும் சொல்வது இதுதான்: மறுநாள் காலையில் எங்கே இருக்க வேண்டுமோ, அதற்குப் பக்கத்தில் படுங்கள். சாயங்காலம் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், தாமதமானால் யாரும் கேட்கப் போவதில்லை. காலை அப்படி இல்லை. கிரீம்ஸ் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிற பெரியவரை வேளச்சேரியில் தங்கவைப்பது பாவம். அந்த வட்டாரத்தில் நோயாளியின் குடும்பத்துக்கென்றே வாரக் கணக்கில் அறை விடுகிறார்கள். சமைத்துக்கொள்ள அடுப்பும் இருக்கும் இடங்கள் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். மார்கழிக் கச்சேரிக்கு வருகிறவர் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டையை விட்டு நகரவே கூடாது. காலையில் லெக்சர், மத்தியானம் சபா கேன்டீன், சாயங்காலம் கச்சேரி, எல்லாம் நடை தூரம். ஜவுளி எடுக்க வருகிறவருக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. ரங்கநாதன் தெருவே அவரை இழுத்துக்கொள்ளும்.

அறையை செல்போனில் பார்த்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் நண்பர் ஒருவர் "சென்ட்ரலுக்கு மிக அருகில்" என்று படித்துப் பணம் கட்டினார். போய்ச் சேர்ந்த இடம் மாதவரம். படத்தில் இருந்த பூ ஜாடி மட்டும் அப்படியே இருந்ததாம். மெட்ரோ நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று விடுதிக்கே போன் போட்டுக் கேளுங்கள். அறைக் கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 மணி வரையா என்பதையும் கேளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து இறங்குகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். பன்னிரண்டு மணிக் கணக்கென்றால் குளித்து ஒரு தூக்கம் போடுவதற்குள் ஒரு நாள் வாடகை ஓடிவிடும். அடையாள அட்டை எல்லோருக்கும் வேண்டும், மகளுக்கும்தான். நவம்பர், டிசம்பரில் வந்தால் தரைத்தள அறை வேண்டாம். 2015 மழையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பிறகு சொந்தக்காரர் வீடு. முன்பெல்லாம் சென்னை என்றால் சித்தப்பா வீடுதான். கூடத்தில் ஒரு பாய், காலையில் குளிக்க வரிசை. அந்தச் சித்தப்பாக்கள் இப்போது மாங்காட்டிலும் பெருங்களத்தூரிலும் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லாட்ஜில் தங்கினால் அவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். தேர்வு முடிந்த மத்தியானம் ஒரு கிலோ ஆப்பிளோடு போய் நின்றால் தீர்ந்துவிடும் கோபம்தான் அது.

கோவில்பட்டி சகோதரிக்கு நான் திருவல்லிக்கேணியைச் சொல்லி எழுதினேன். இதில் என் பட்சபாதம் உண்டு. வேலை தேடி வந்த புதிதில் அங்கே ஆண்கள் தங்கும் ஒரு மேன்ஷனில், நண்பனின் அறையில் "கெஸ்ட்" என்ற பெயரில் ஏழு மாதம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கட்டில், கீழே நான். மேனேஜர் மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தம் கேட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். மே மாதத்தில் மீனம்பாக்கம் கொதிக்கும்போது இங்கே மத்தியானமே கடற்காற்று வந்துவிடும்; அந்த மாடியில் அதை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். குழாயைத் திறந்தால் சில நாள் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகும். கடல் ஜன்னலில் தெரியவில்லையே தவிர, குளியலறைக்கு வந்துவிடும்.

மேன்ஷன் பெண்களுக்குச் சரிவராது. ஆனால் அந்தப் பக்கத்தில் குடும்பங்கள் தங்கும் லாட்ஜுகள் இருக்கின்றன. எழும்பூரில் இறங்கினால் ஆட்டோவில் சிறிது நேரம். தேர்வு நாள் காலையில் அண்ணா சாலைக்கு வந்து, அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் நந்தனம். மாறி ஏற வேண்டாம், நெரிசலில் நிற்க வேண்டாம். இரவு சாப்பாட்டுக்குக் கவலை இல்லாத தெருக்கள். பார்த்தசாரதி கோயிலிலிருந்து கிழக்கே பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் மணல். அலையில் கால் நனைக்கலாம், அதற்கு மேல் இறங்க வேண்டாம் என்று மட்டும் அழுத்தி எழுதினேன். மெரினா அலை ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

சென்ற வாரம் பதில் வந்தது. சனிக்கிழமை விடியுமுன் அம்மா மட்டும் எழுந்து, மகளை எழுப்ப மனமில்லாமல் நின்றாராம். பிறகு எழுப்பிவிட்டாராம். இருட்டாக இருந்ததால் முதலில் சத்தம்தான் கேட்டது என்று எழுதியிருக்கிறார். பிறகு ஒரு சிவப்பு, பிறகு கட்டுமரங்கள், மாங்காய் பத்தை விற்கிறவர் இன்னும் கடை விரிக்கவில்லை, ஈரப் புடவையோடு திரும்பியதில் லாட்ஜ்காரர் முறைத்தார், ஞாயிற்றுக்கிழமையும் போனோம், சாயங்காலம் ரயிலுக்கு முன்னால் இன்னொரு தடவையும் போனோம் என்று இரண்டு பக்கம்.

மகள் தேர்வை எப்படி எழுதினாள் என்று ஒரு வரி இல்லை. கேட்டு எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்